சொக்ஸைக் கழற்றச் சொன்னார்களா? சிட்னியில் தோல் காட்டப் போன மூன்று இடங்கள்

"மச்சம் பாக்கப் போட்டு வாறன்" என்றேன். மனிசன் ரிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ, மச்சம் ஏன்?" என்றார். யாழ்ப்பாணத்து வீட்டில் மச்சம் என்றால் முதலில் மீனும் இறைச்சியும்தான். உடம்பில் இருக்கிறது பிறகு. மனிசனைச் சொல்லி என்ன, இந்த ஒன்றரை வருடத்தில் நான் ஏறி இறங்கிய இடங்களிலும் கதை அப்படித்தான் போனது.

மூன்று இடங்களுக்குப் போனேன். காசு வாங்காத கிளினிக் ஒன்று, காசு நிறைய வாங்குகிற சிறப்பு மருத்துவர் ஒருவர், அரசாங்க ஆசுப்பத்திரி ஒன்று. ஒன்றுக்கும் பேர் போடவில்லை. குறையும் சொல்லிப் பேரும் போட எனக்கு வசதி காணாது. எங்கள் சனம் அதிகம் இருக்கிற வென்ற்வேர்த்வில், ரூங்காபி பக்கத்து ஆட்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன். "எங்களுக்குத் தோல் புற்றுநோய் வராது" என்று கோயில் மடப்பள்ளிக்குப் பக்கத்தில் நின்று கதைக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள். நானும் அங்கே நின்று அப்படிக் கதைத்தவள்தான்.

என் தொழிலைச் சொல்லாமல் விட்டால் மிச்சம் விளங்காது. முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை, பதினொரு வருடமாகிறது. காலை ஆறரைக்குத் தொடங்கினால் பத்து மணிக்குள் எட்டுப் பேரைக் குளிக்க வார்த்துத் துடைத்து உடுப்பு மாற்றவேண்டும். துடைக்கும்போது தோலில் புதிதாக ஏதும் கண்டால் அட்டவணையில் எழுதவேண்டும். அதில் மனித உருவம் ஒன்று முன்பக்கமும் பின்பக்கமும் கீறியிருக்கும். கண்ட இடத்தில் வட்டம் போட்டு, எத்தனை மில்லிமீற்றர் என்று குறிப்போம். டப்போவில் கோதுமை செய்த ஒரு தாத்தாவுக்கு இடது காதின் மேல்பாதி கிடையாது, வெட்டி எடுத்தாகிவிட்டது. உச்சந்தலையில் தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், பொரிக்காத அப்பளம் போலப் பளபளவென்று இருக்கும். இன்னொரு அம்மாவின் மூக்கில் ஒரு பக்கம் பள்ளம். இந்த நாட்டில் 70 வயதாவதற்குள் மூன்றில் இரண்டு பேருக்கு ஏதாவது ஒரு தோல் புற்றுநோய் வருகிறது என்பது புற்றுநோய்ச் சபையின் கணக்கு. எங்கள் இல்லத்தில் இருக்கிறவர்களைப் பார்த்தால் மூன்றில் மூன்று போலத்தான் தெரியும். 1981இல் சட்டை போடு, வெய்யில் களிம்பு பூசு, தொப்பி வை என்று கடற்பறவை ஒன்று பாடி ஆடிய "ஸ்லிப் ஸ்லொப் ஸ்லாப்" விளம்பரப் பாட்டை, தன் பெயரையே மறந்துபோன ஆட்கள்கூட இன்னும் முணுமுணுக்கிறார்கள்.

ஆக, மற்றவர்களின் தோலில் அரை மில்லிமீற்றர் மாறினாலும் நான் எழுதி வைப்பேன். என் காலின் அடியை நான் பார்த்தது கிடையாது.

முதல் இடம்: வணிக வளாகத்துக் கிளினிக்

2023 கார்த்திகையில் போனேன். எங்கள் மேலாளர் எல்லாரையும் ஒருமுறை தோல் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லியிருந்தார். அரசாங்க மருத்துவக் காப்பான மெடிகெயாரின் அட்டையைக் கொடுத்தால் போதும், ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. சூப்பர்மார்க்கெற்றுக்கும் திறப்பு வெட்டுகிற கடைக்கும் நடுவில் இடம். வாகனம் விடுவதும் இலவசம். அழைத்த மூன்றாம் நாளே நேரம் தந்தார்கள். வரவேற்பில் இருந்த பிள்ளை அருமையான பிள்ளை, என் பெயரைச் சரியாகச் சொல்ல இரண்டு தரம் முயற்சி செய்தாள். இதெல்லாம் உண்மையான நன்மைகள், குறைத்துச் சொல்ல மாட்டேன்.

நிரப்பத் தந்த படிவத்தில் தோல் நிறங்களை ஆறு வகையாகப் பிரித்திருந்தார்கள். வெய்யிலில் நின்றால் எரிந்து சிவந்துவிடுமா, கறுக்குமா என்று கேள்விகள். ஃபிற்ஸ்பற்றிக் என்ற அமெரிக்க மருத்துவர் 1975இல் போட்ட வகைப்பாட்டிலிருந்து வந்தது. ஐந்தாவதில் புள்ளடி போட்டேன். அந்தப் புள்ளடியோடு என் அலுவல் முடிந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். டொக்டர் நல்ல மனிதர், பகிடியும் விடுவார். முதுகு, கை, கழுத்து பார்த்தார். "உங்களுடைய தோல் அதிர்ஷ்டமான தோல், இயற்கையே பூசி அனுப்பியிருக்கிறது" என்றார். எட்டு நிமிடம். கட்டிலில் படுத்திருந்தபோது என் காலில் வேலைக்குப் போடும் கறுப்புச் சொக்ஸ் இருந்தது. கழற்றச் சொல்லவில்லை. நானும் கழற்றவில்லை. டொக்டருக்கு முன்னால் சொல்லாத உடுப்பைக் கழற்ற எங்களை ஆர் பழக்கியது?

அதிர்ஷ்டம் என்ற சொல் அன்றைக்கு இனித்தது. வீட்டுக்கு வந்து மனிசனுக்கும் சொன்னேன்.

நடுவில் நடந்தது

அடுத்த பங்குனியில் கோயில் திருவிழா. தேரன்று ஆண்கள் பிரதட்டை செய்ய, பெண்கள் பின்னால் அடி அழித்துக்கொண்டு போவோம். விழுந்து கும்பிடும்போது உள்ளங்கால் பின்னால் வருகிறவருக்குத் தெரியும்தானே. எனக்குப் பின்னால் வந்த அன்ரி எழும்பும்போது குனிந்து சொன்னார்: "பிள்ளை, காலில தார் ஒட்டியிருக்கு, துடையும்."

தார் இல்லை. குதிக்கும் நடுப்பாதத்துக்கும் இடையில், பழைய பத்துச் சத நாணயத்தில் பாதி அளவுக்குக் கறுப்பு. சின்ன வயதில் அங்கே ஒரு மச்சம் இருந்தது எனக்குத் தெரியும். அம்மா அதைக் காட்டித்தான் "இவள் கடல் தாண்டுவாள்" என்று எல்லாருக்கும் சொல்லுவா. உள்ளங்காலில் மச்சம் உள்ளவர் ஊரில் தங்கார் என்பது எங்கள் சாத்திரம். ஆனால் அது மிளகு அளவுதான் இருந்தது. எப்போது வளர்ந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. என் காலுக்கு அட்டவணை கிடையாதே.

எங்கள் குடும்ப டொக்டரிடம் காட்டினேன், எங்கள் ஆள்தான். பார்த்ததும் முகம் மாறியது. ஆனாலும் உள்ளங்காலில் தான் கத்தி வைக்க விரும்பவில்லை என்றும், தெரிந்தவர்கள் செய்யட்டும் என்றும் சொல்லி அரசாங்க ஆசுப்பத்திரியின் தோல் பிரிவுக்குக் கடிதம் எழுதினார். மூன்று கிழமையில் பதில் வந்தது. கடிதம் கிடைத்தது, வரிசையில் சேர்த்திருக்கிறோம் என்றிருந்தது. அவசரத்தை வைத்து 30 நாள், 90 நாள், 365 நாள் என்று மூன்று தட்டு. என்னைப் போட்டது மூன்றாவது தட்டில். "காலில் நிறம் மாறிய புள்ளி" என்ற ஒரு வரியை வைத்து அங்கே இருக்கிற ஒருவர் முடிவெடுக்கிறார், அவரைப் பிழை சொல்ல முடியாது. அந்த வரிக்குப் பின்னால் இருக்கிற காலை அவர் காணவில்லை.

மார்புக்கு இங்கே அரசாங்கமே அழைப்பு அனுப்பிச் சோதிக்கிறது. குடலுக்கு வீட்டுக்குப் பெட்டி வருகிறது. கருப்பைவாய்க்கு உண்டு, 2025 யூலையிலிருந்து புகைத்தவர்களின் நுரையீரலுக்கும் உண்டு. இந்த நாட்டின் சொந்த வருத்தம் என்று சொல்லக்கூடிய தோலுக்கு அப்படியொரு அழைப்பு இல்லை. தானாகக் கவனித்து, தானாக நேரம் எடுத்து, தானாகப் போகவேண்டும். அதற்கு நேரமும் தைரியமும் உள்ளவர் முன்னால் நிற்பார்.

இரண்டாம் இடம்: நோர்த் ஷோர் பக்கத்துச் சிறப்பு மருத்துவர்

இரண்டு மாதம் பொறுத்தேன். மகள் பொறுக்கவில்லை. அவளே இணையத்தில் தேடி அழைத்தாள். "எப்ப வரலாம்?" என்று கேட்க, "வருகிற வியாழன் வசதியா?" என்று கேட்டார்களாம். 365 நாள் ஒரு தொலைபேசி அழைப்பில் ஒன்பது நாளாகிவிட்டது. நடுவில் மாறியது என் கால் இல்லை. 340 டொலர்.

காத்திருக்கிற அறையில் வெள்ளரிக்காய் வட்டங்கள் மிதக்கும் தண்ணீர்க் கூசா. கதிரைகள் எங்கள் வீட்டு சோபாவைவிட மெத்தென்று இருந்தன. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் ஒவ்வொரு ஆறு மாதமும் வருகிறவர். உடம்பு முழுவதும் கமராக்கள் சூழ்ந்த கூண்டில் ஏறி நின்றால் ஒவ்வொரு புள்ளியையும் படமெடுத்து, போன தடவைப் படத்தோடு கணினி ஒப்பிட்டுக் காட்டுமாம். எனக்கும் விலைப்பட்டியல் தந்தார்கள்: 690 டொலர், மெடிகெயார் ஒன்றும் திருப்பித் தராது. பட்டியலை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். மகள் பிறகு அதன் பின்பக்கத்தில் பால், பருப்பு என்று கடைக் குறிப்பு எழுதினாள்.

டொக்டர் சீன வம்சத்துப் பெண், நாற்பது வயதிருக்கும். கைகுலுக்கியதும் சொன்ன முதல் வசனம்: "சப்பாத்து, சொக்ஸ் இரண்டையும் கழற்றுங்கள், விரல் இடுக்கும் நகமும் பார்க்கவேண்டும்." அந்த ஒரு வசனத்துக்கே நான் மூன்று நட்சத்திரம் கொடுப்பேன்.

பாதத்தில் பசை தடவி, விளக்குப் பூட்டிய சின்ன உருப்பெருக்கியை அழுத்தி வைத்தார். படம் திரையில் விழுந்தது. உள்ளங்கால் தோலில் விரல் ரேகைபோலக் கோடுகள் இருக்கும்தானே, அது திரையில் பெரிதாகத் தெரிய எனக்குச் சட்டென்று கோண்டாவிலில் பெரியப்பாவின் வெங்காயத் தறை ஞாபகம் வந்தது. வரம்பு, வாய்க்கால், வரம்பு, வாய்க்கால். டொக்டர் விளக்கினது இதுதான்: சாதாரண மச்சம் என்றால் நிறம் வாய்க்காலில் ஓடும். நிறம் வாய்க்காலை விட்டு வரம்பில் ஏறினால் பயப்படவேண்டும். ஜப்பானிய மருத்துவர்கள் கண்டறிந்த அடையாளமாம். அவர்களுக்கும் எங்களுக்கும் ஆபிரிக்க வம்சத்தாருக்கும் இந்தக் கெட்ட மச்சம், மெலனோமா என்ற தோல் புற்றுநோய், வந்தால் பெரும்பாலும் வருகிற இடம் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. வெய்யிலுக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை. பொப் மார்லிக்கு வந்ததும் இதுதான், கால் பெருவிரல் நகத்தின் கீழ். பந்தடியில் பட்ட காயம் என்று நினைத்தார்கள். 1977இல் கண்டுபிடித்தார்கள், 1981இல் முப்பத்தாறு வயதில் போய்விட்டார்.

திரையைப் பார்த்தேன். என்னுடையதில் ஒரு பக்கம் முழுவதும் நிறம் வாய்க்காலில் ஒழுங்காக ஓடியது. மற்றப் பக்கத்தில், குதிப் பக்கமாக, வரம்பில் ஏறியிருந்தது.

பெரியப்பாவுக்கு 1993இல் குதியில் ஒரு கறுத்த புண். வெங்காயமும் புகையிலையும் செய்தவர், செருப்புப் போட்டு நான் கண்டதில்லை. பித்தவெடிப்பு என்று வேப்பெண்ணெய் பூசினார், பரியாரியார் மருந்து கட்டினார். பெரியாசுப்பத்திரியில் காட்டியபோது கொழும்புக்குப் பக்கத்து மகரகம ஆசுப்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அந்தச் சண்டை நாட்களில் கொழும்புக்குப் போவதென்றால் இரவில் கிளாலிக் கடல்நீரேரியை வள்ளத்தில் தாண்டவேண்டும். நடக்க ஏலாத மனிதரை ஆர் தூக்கி வள்ளத்தில் ஏற்றுகிறது? "வெங்காயம் கிண்டிப்போட்டுப் பாப்பம்" என்றார். கிண்டும்வரை இருக்கவில்லை. பேர் தெரியாத வருத்தத்தில் செத்தவர் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். முப்பது வருடம் கழித்து, வெள்ளரிக்காய்த் தண்ணீர் வைக்கிற ஊரில், அந்தப் பேர் எனக்குத் தெரியவந்தது. இப்போது தெல்லிப்பழையிலேயே புற்றுநோய் ஆசுப்பத்திரி இருக்கிறது, 2011இல் தெற்கிலிருந்து வடக்குவரை நாட்டையே நடந்து காசு சேர்த்துக் கட்டியது. கோண்டாவிலிலிருந்து பஸ்ஸில் போகலாம்.

அன்றைக்கே மரத்துப்போக ஊசி போட்டுச் சின்னத் துண்டு வெட்டியெடுத்தார். உள்ளங்காலில் ஊசி எப்படி நோகும் என்று எழுதினால் ஒருவரும் போகமாட்டீர்கள், விடுகிறேன். கணக்கு: பார்வைக்கு 340, அதில் மெடிகெயார் திருப்பித் தந்தது 80 சொச்சம். வெட்டினதற்கு, திரும்பி வந்தது போக, இன்னும் 190. என் கையிலிருந்து மொத்தம் 450 டொலர், ஒரு கிழமைச் சம்பளத்தில் பாதிக்குக் கிட்ட.

பத்தாம் நாள் அவரே தொலைபேசியில் சொன்னார். மெலனோமாதான், ஆனால் தோலின் மேற்படையை விட்டு இறங்கவில்லை. இந்த வருத்தத்தில் ஆழத்தை மில்லிமீற்றரில் அளக்கிறார்கள், பிரெஸ்லோ என்ற மருத்துவர் 1970இல் கொண்டுவந்த அளவு. ஒரு மில்லிமீற்றருக்குக் குறைய என்றால் பெரும்பாலும் வெட்டி எடுத்துவிட்டுச் சோலியைப் பார்க்கலாம். ஆழம் கூடக்கூட நிலைமை வேறு. எனக்கு அளக்கவே ஒன்றும் இல்லை. ஒரு வருடம் பொறுத்திருந்தால் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று கேட்டேன். "அதை எவராலும் சொல்ல முடியாது" என்றார். நேர்மையான பதில். அன்று இரவு முழுக்க அந்தப் பதிலோடுதான் படுத்திருந்தேன்.

இன்னொரு நேர்மையும் இருந்தது அவரிடம். "இங்கே வெட்டினால் சில ஆயிரம் டொலர் உங்கள் கையிலிருந்து போகும். இந்த அறிக்கையோடு அரசாங்க ஆசுப்பத்திரிக்கு எழுதுகிறேன், அவர்கள் உடனே கூப்பிடுவார்கள்" என்றார். கூப்பிட்டார்கள். நாலாம் நாள். அதே ஆசுப்பத்திரி, அதே கால். முதல் கடிதத்துக்கு மூன்றாம் தட்டு, இரண்டாம் கடிதத்துக்கு முதல் தட்டு. நடுவில் நான் 450 டொலர் கொடுத்து ஒரு தாள் வாங்கியிருக்கிறேன். இலவசக் கதவுக்குத் திறப்பு இருந்தது காசு வாங்குகிற கடையில்.

நாலரை நட்சத்திரம். அரை குறைத்தது அந்த வெள்ளரிக்காய்க்கு.

மூன்றாம் இடம்: அரசாங்க ஆசுப்பத்திரி

இங்கே வெள்ளரிக்காய் இல்லை, கதிரையும் காணாது. ஒன்பது மணிக்கு வரச்சொல்லிப் பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். வாகனம் விட்ட காசைக் கேட்டால் அழுவீர்கள், ரயிலில் போங்கள். ஆனால் வெட்டினவர், பார்த்தவர், மருந்து கட்டினவர் எல்லாரும் முதல்தரம். மச்சத்தைச் சுற்றிச் சுத்தமான தோலும் சேர்த்து வெட்டி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அப்பளம் இப்போது என் காலிலும் இருக்கிறது. கட்டின காசு பூச்சியம்.

மொழிபெயர்ப்பாளரும் இலவசம். எனக்கு ஆங்கிலம் விளங்கும், ஆனால் வெட்டுகிற கதையைத் தமிழில் கேட்கவேண்டும் போலிருந்தது. தொலைபேசியில் வந்தவர் தமிழ்நாட்டுப் பெண், இனிமையான குரல். "எத்தினை கிழமை நிக்கேலாது?" என்று கேட்டேன். எங்களுக்குக் கிழமை என்றால் ஏழு நாள். அவருக்குக் கிழமை என்றால் திங்கள், செவ்வாய். அவர் எதைக் கேட்டாரோ, டொக்டர் யோசித்துவிட்டு "வியாழன்" என்றார். வியாழக்கிழமை மட்டும் நிற்காமல் விட்டால் போதுமாக்கும் என்று நான் சந்தோசப்பட்டேன். பிறகு எல்லாரும் சிரித்து, கணக்கைத் திருத்தினோம். ஆறு வாரம். ஒட்டின தோல் பிடிக்கும்வரை அந்தக் காலில் பாரம் வைக்கக்கூடாது.

அங்கேதான் என் சிரிப்பு நின்றது. நான் காஷுவல், நிரந்தரமில்லாத வேலையாள். மணிக்கு நாலில் ஒரு பங்கு கூடத் தருகிறார்கள், அதற்குப் பதிலாக வருத்த லீவு கிடையாது. கிழமைக்கு 28 மணித்தியாலம், மணிக்கு 38 டொலர், ஆறு கிழமை: 6,384 டொலர். சத்திரசிகிச்சை இலவசம், கால் இலவசமில்லை. நோர்த் ஷோரில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கும் இதே ஆறு கிழமைதான் சொல்லியிருப்பார்கள். அவர் மடிக்கணினியை மடியில் வைத்துக் காலை நீட்டிக்கொண்டு வேலை செய்திருப்பார். நான் நின்று குளிக்க வார்க்கிறவள். நாலாம் கிழமையில் வேலைக்குப் போக வெளிக்கிட்டேன், மகள் சப்பாத்தை ஒளித்துவைத்தாள். எங்களோடு வேலை செய்கிற ஃபிஜிக்காரி ஒருத்தி முழங்காலில் எதையோ வெட்டிவிட்டு ஆறாம் நாளே வந்து நின்றாள், தையல் பிரிந்தது. எந்தப் பட்டியலிலும் இந்தச் செலவு எழுதப்படுவதில்லை.

ஐந்து நட்சத்திரம், உள்ளே போன பிறகு. வாசலில் நின்ற காலத்துக்கு இரண்டு.

ஆழமாக இறங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டு வைத்தேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியை உசுப்பி விடுகிற மருந்துகள் இப்போது உண்டு. பெம்புரோலிசுமாப் என்பது 2015இலிருந்து மெலனோமாவுக்கு அரசாங்க மருந்துப் பட்டியலில் இருக்கிறது. உண்மையான விலை ஒரு தடவைக்கே ஆயிரக்கணக்கில், அட்டை உள்ளவர் நான் கேட்ட வருடத்தில் கட்டியது ஆகக் கூடினால் 31 டொலர் 60 சதம். இந்தத் துறையில் வேலை செய்த ஜோர்ஜினா லோங், ரிச்சர்ட் ஸ்கோலியர் இருவரையும் 2024இன் சிறந்த அவுஸ்திரேலியர்களாக அறிவித்தபோது எங்கள் இல்லத்து ரிவியில் பார்த்தோம். காதில்லாத தாத்தா கைதட்டினார். அப்போது என் காலில் அது இருந்திருக்கும், நானும் கைதட்டினேன்.

வெய்யில் களிம்பு பற்றி ஒரு வரி. காலுக்கு அது வேண்டாம், ஆனால் முகத்துக்கும் கைக்கும் வேண்டும். எங்களுக்கும் மற்றத் தோல் புற்றுநோய்கள் வரும். மலிவானவை பலதும் பூசினால் எங்கள் நிறத்தில் விபூதி பூசினது போல வெள்ளையாக நிற்கும், பூசினது தெரியாமல் போகிறவை விலை கூடியவை. 2025இல் சொய்ஸ் நுகர்வோர் அமைப்பு 20 களிம்புகளைச் சோதித்து, 16 தாங்கள் எழுதின காப்பு அளவைத் தொடவில்லை என்றது, ஆகவே விலையைப் பார்த்து நம்பவேண்டாம். நான் விபூதிக் கோலத்தோடுதான் திரிகிறேன். கோயிலில் ஒருவரும் வித்தியாசம் காணவில்லை.

நாலாவது இடம், நான் போகாதது

தமையனின் மகன் கிரிபித்தில் திராட்சைத் தோட்டத்தில் வேலை. சிட்னியிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். படகில் வந்தவன், விசா புதுப்பிக்கிற இடைவெளியில் மெடிகெயார் அட்டை காலாவதியாகி நிற்கிறது. என் கதையைத் தொலைபேசியில் கேட்டவன் கொஞ்சம் மௌனமாக இருந்தான். பிறகு ஒரு படம் அனுப்பினான். 2009இல் முள்ளிவாய்க்காலில் ஷெல் சன்னம் கிழித்த கெண்டைக்கால் தழும்பு. அதன் ஓரத்தில் எட்டு மாதமாக ஆறாத ஒரு புண், விளிம்பு தடித்து மேலே எழும்பி நிற்கிறது.

நான் டொக்டரில்லை, ஆனாலும் பதினொரு வருடமாகத் தோல் பார்க்கிறவள். எங்களைப் போன்ற தோலில் மற்ற வகைப் புற்றுநோய் வெய்யில் படாத இடத்திலும் வரும். பழைய எரிகாயம், ஆறாத புண், இப்படியான தழும்பு அதற்குப் பிடித்த இடங்கள். அதைத்தான் நோர்த் ஷோர் டொக்டரும் போகிற போக்கில் சொன்னார். தழும்பு உள்ளவர்கள் எங்கள் சனத்தில் எத்தனை பேர் என்று நான் சொல்லவேண்டியதில்லை. வெள்ளைத் தோலுக்கு எழுதின படிவத்தில் "ஷெல் பட்டதா" என்று ஒரு கேள்வி இருக்காது.

தோல் சிறப்பு மருத்துவர்கள் இந்த நாட்டில் பெரும்பாலும் பெருநகரங்களில்தான். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பயணக் காசு திருப்பித் தர மாநில அரசிடம் ஒரு திட்டம் உண்டு, அட்டை உள்ளவர்களுக்கு. அட்டை இல்லாதவனிடம் எல்லா வாசலிலும் முதற்கேள்வி, ஆர் காசு கட்டுறது? நியூட்டவுனில் தஞ்சம் கோருவோருக்கான நிலையம் ஒன்று இருக்கிறது, அங்கே மருத்துவ அறையும் உண்டு. அவன் அதற்கு வர ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகும், முதலாளி "திரும்பி வராதே" என்றும் சொல்லலாம். அந்த நாள் சம்பளத்தை நான் தருகிறேன் என்றேன். "மாமி, உங்களுக்கே ஆறு கிழமை போட்டுது" என்றான்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை எனக்குச் சோதனை. ஒரு தடவை ஆசுப்பத்திரி, மறு தடவை அதே வணிக வளாகத்துக் கிளினிக். ஓம், அங்கேயேதான். காசில்லை, பக்கத்தில் இருக்கிறது, அந்தப் பிள்ளை இப்போது என் பெயரைச் சரியாகச் சொல்கிறாள். போன முறை டொக்டர் உள்ளே வருமுன் சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றிக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்காலையும் அவருக்கு நேரே நீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். அவர் திடுக்கிட்டார். ஒட்டின தோலைப் பார்த்தார், என் கோப்பைத் திறந்து 2023ஐயும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பத்து விரலையும் ஒவ்வொன்றாக விரித்து இடுக்குப் பார்த்தார், இருபது நிமிடம் எடுத்தார். அந்தக் கிளினிக்குக்கு நான் முதலில் போட வைத்திருந்த ஒரு நட்சத்திரத்தை மூன்றாக்குகிறேன்.

கிரிபித்துக்காரன் நேற்று இரவு செய்தி போட்டிருந்தான். வெள்ளிக்கிழமைக்கு பஸ் எடுத்துவிட்டானாம். கட்டாயம் சொக்ஸைக் கழற்றிக் காட்டு என்று எழுதினேன்.

"மாமி, நான் சொக்ஸே போடுறேல்லை."